தோட்டப்புற நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வை வளர்ப்பது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், செமிலிங், மெர்போக் ஆகிய ஊர்கள் தோட்டங்களை ஒட்டி வளர்ந்தவை. இன்று அதே வட்டாரத்தில் செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் மெர்போக்கில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் இருக்கின்றன. இப்படிப்பட்ட தோட்டப்புற நகரத்து வளாகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளரோ ஆய்வு மாணவரோ, ஆப்பிரிக்கா பற்றிய படிப்பையும் நிபுணத்துவத்தையும் வளர்க்க விரும்பினால் எங்கே தொடங்குவது, எப்படித் தொடர்வது என்பதை இக்கட்டுரை கூறுகிறது. தனித் துறை, பேராசிரியர் பதவி, ஆண்டு ஒதுக்கீடு ஆகிய மூன்றும் இல்லாத வளாகத்தை மனத்தில் வைத்தே எழுதியுள்ளேன். அவை உள்ள இடத்தில் இவ்வழிகாட்டிக்கு வேலை இல்லை.

டில்லிப் பல்கலைக்கழகத்தில் 1955-இல் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை உருவானபோது அதற்கு நேருவின் ஊக்கம் இருந்தது. கானாவின் லெகோன் வளாகத்தில் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனத்தை 1963-இல் அதிபர் குவாமே இன்குருமாவே திறந்து வைத்தார். அரசுத் தலைவர்களின் கைகொடுப்பு நமக்கு வாய்க்கப் போவதில்லை. ஆகவே வளாகத்திலும் ஊரிலும் ஏற்கெனவே சிதறிக் கிடக்கும் ஆப்பிரிக்க அறிவைத் தேடிக் கண்டுபிடித்து, பிறர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிலையில் வைப்பதுதான் முதல் வேலை. கலை இரவும் உணவு விழாவும் அதற்குப் பிறகு வரலாம்; வராமலும் போகலாம்.

முதல் படி: யாருக்கு என்ன தெரியும் என்பதைக் கண்டறிதல்

"இங்கே ஆப்பிரிக்க நிபுணர் யாராவது இருக்கிறார்களா?" என்று மின்னஞ்சலில் கேட்டால் ஒருவரும் பதில் எழுத மாட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்காவுக்கு 54 உறுப்பு நாடுகள் உள்ளன. நைஜீரியாவின் மலேரியாத் தரவை வைத்துக் கட்டுரை எழுதிய மருத்துவ விரிவுரையாளர் தம்மை அந்தக் கண்டத்துக்கே நிபுணர் என்று ஒருபோதும் எண்ணிக் கொள்வதில்லை. எனவே கேள்வியைக் குறுக்கிக் கேட்க வேண்டும். எந்த நாட்டில் வேலை செய்திருக்கிறீர்கள், எந்த நாட்டுத் தரவைக் கையாண்டிருக்கிறீர்கள், எந்த மொழி பேசுவீர்கள், எந்த நாட்டு மாணவரின் ஆய்வேட்டுக்கு மேற்பார்வையாளராக இருந்தீர்கள் என்று கேட்டால் பதில் வரும். நூலகத்தில் வளாகத்தின் ஆய்வு வெளியீட்டுப் பட்டியல் இருக்கும்; அதில் நாட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தேடினால், கேட்டும் பதில் எழுதாதவர்கள் பலர் வெளிப்படுவார்கள்.

பட்டியலை வளாக வாயிலோடு நிறுத்திவிடக் கூடாது என்பதே தோட்டப்புற நகரத்துக்கு நான் வற்புறுத்திச் சொல்லும் கருத்து. மலேசியாவின் சைம் டார்பி நிறுவனம் 2009-இல் லைபீரியாவில் செம்பனைக்காக (எண்ணெய்ப்பனை) நிலக்குத்தகை பெற்று, 2020-இல் அங்கிருந்து விலகியது; அந்த ஆண்டுகளில் மலேசியத் தோட்ட நிர்வாகிகள் அங்கு பணியாற்றினார்கள். அதற்கும் முன்பு, 1960 முதல் 1963 வரை மலாயாப் படையினர் ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் காங்கோவில் பணியாற்றினர். 1993-இல் சோமாலியாவின் மொகடிஷுவில் சிக்கிய அமெரிக்கப் படையினரை மீட்கச் சென்ற கவச வண்டிகளை ஓட்டியவர்கள் மலேசியப் படையினர். இப்படிப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் நம் ஊர்க் கோப்பிக்கடையில் தினமும் பசியாறிக் கொண்டிருக்கலாம். அவருக்குப் பட்டம் இல்லை என்பதால் அவரைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது நமக்குத்தான் இழப்பு.

பட்டியலில் ஐந்து செய்திகள் போதும்: பெயர், நாடு அல்லது வட்டாரம், மொழி, பொருள், எவ்வகை உதவி செய்ய விருப்பம் என்பவை. "ஆப்பிரிக்கா" என்று மட்டும் எழுதும் இடமே அதில் இருக்கக் கூடாது. உரை நிகழ்த்தவா, ஆய்வேட்டைப் படித்துக் கருத்துச் சொல்லவா, மொழிபெயர்க்கவா என்பதை அவரவரே குறிக்கட்டும். ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிர்வாகம் நினைவூட்டும் முன்பே ஒப்புதல் படிவம் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஊரிலிருந்து எழும் கேள்வியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் கூட்டத்துக்குத் தலைப்பு தேடும்போது பெரும்பாலோர் "ஆப்பிரிக்கா: ஓர் அறிமுகம்" என்று வைத்துவிடுகிறார்கள். முப்பது மில்லியன் சதுர கிலோமீட்டர் பரப்பை ஒரு மணி நேரத்தில் அறிமுகப்படுத்த முடியாது. கேட்டவர்கள் மறு கூட்டத்துக்கு வருவதும் இல்லை. நம் ஊரில் நின்று கொண்டே கேட்கக்கூடிய கேள்வி ஒன்றை எடுங்கள்.

செம்பனையை விடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. இம்மரத்தின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்ட நான்கு கன்றுகளின் வழித்தோன்றல்களே தென்கிழக்கு ஆசியத் தோட்டத் தொழிலுக்கு அடித்தளம் ஆயின. மலாயாவில் வணிக நோக்குடன் முதலில் பயிரிடப்பட்டது 1917-இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். மரம் வந்ததே தவிர, அதன் பூவுக்குரிய பூச்சி உடன் வரவில்லை. ஆகவே பல தோட்டங்களில் தொழிலாளர்கள் ஆண் பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, பெண் பூக்குலைகளின் மேல் கையால் தூவ வேண்டியிருந்தது. 1981-இல் கெமரூனிலிருந்து கொண்டு வரப்பட்ட சிறு கூன்வண்டு, ஜோகூரின் குளுவாங் பகுதியில் விடப்பட்டு நாடெங்கும் பரவிய பின் அவ்வேலை மறைந்தது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்த வண்டை இன்றும் பார்க்கலாம். ஆண் பூக்குலை விரிந்து சோம்பின் மணம் வீசும் வேளையில் மரத்தடியில் நின்றால், காம்புகளின் இடுக்குகளில் நூற்றுக்கணக்கில் ஊர்ந்து கொண்டிருக்கும். உடலில் ஒட்டிய மஞ்சள் தூளுடன் அடுத்த மரத்துக்குப் பறக்கும்.

இந்த ஒரே பொருளில் தாவரவியலார், பொருளியலார், வரலாற்றாசிரியர் ஆகிய மூவருக்கும் பேச இடம் உண்டு. 1973-இல் மலேசிய ஆய்வாளர்கள் நைஜீரியச் செம்பனை ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து அந்நாட்டுக் காடுகளிலும் தோப்புகளிலும் விதைகளைத் திரட்டினார்கள்; பின்னர் பிற ஆப்பிரிக்க நாடுகளிலும் அப்பணி தொடர்ந்தது. அவ்வாறு திரட்டிய மரவகைகள் மலேசிய செம்பனை வாரியத்தின் குளுவாங் நிலையத்தில் வளர்கின்றன. விதை கொடுத்த நாட்டுக்கு என்ன திரும்பக் கிடைத்தது, இன்று அங்கே பாமாயில் இறக்குமதி ஏன் நடக்கிறது என்று ஒரு நைஜீரிய மாணவர் கேட்டால், கூட்டத்தில் யாரும் கைப்பேசியைப் பார்த்துக் கொண்டிருக்க மாட்டார்கள்.

தமிழ் மாணவர்கள் மிகுந்த வளாகமாயின் இரண்டாவது கூட்டத்துக்குப் புலம்பெயர்வை எடுக்கலாம். சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கியது. அவர்கள் சென்றது கரும்புத் தோட்டத்துக்கு, நம் முன்னோர் வந்தது காப்பி, கரும்பு, பிறகு ரப்பர்த் தோட்டங்களுக்கு. ஜொகனஸ்பர்க்கில் 1898-இல் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை சென்று 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் இந்திய விடுதலை வரலாற்றில் மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். அவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்த பெண் என்பதை அங்கிருந்து தொடங்கிப் பேச வேண்டும். மொரீஷியசின் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்துகளைக் காணலாம். 1998-இல் வெளியான புதிய தாள்களில் தமிழ் வரிக்கு முன்பு இந்தி வரி வைக்கப்பட்டதால் எழுந்த எதிர்ப்பில் அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. ஒரு பழைய தாளும் ஒரு புதிய தாளும் கிடைத்தால் மேசையில் வைத்து மாணவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நாணயவியலும் மொழி அரசியலும் அங்கேயே தொடங்கிவிடும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. இத்தலைப்பிலேயே தங்கிவிட்டால் ஆப்பிரிக்க ஆய்வு என்ற பெயரில் நம்மைப் பற்றியே பேசிக் கொண்டிருப்போம். ஒரு பருவத்துக்கு ஒரு கூட்டம் போதும்.

மருத்துவ மாணவர்களுக்கு எபோலாவையும் நிப்பாவையும் அருகருகே வைக்கலாம். 1976-இல் காங்கோவின் யம்புக்கு கிராமத்தில் எபோலா பரவியபோது நோயாளியிடமிருந்து இரத்த மாதிரி எடுத்து அனுப்பியவர் ஜான்-ஜாக் முயெம்பே என்ற காங்கோ மருத்துவர். நிப்பாவோ 1998, 1999-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டுப் பன்றிப் பண்ணைகளில் வெளிப்பட்டது. வணிகத் துறைக்கு, 2007-இல் கென்யாவில் தொடங்கிய எம்-பெசா கைப்பேசிப் பணப் பரிமாற்றம் ஒன்றே ஒரு பருவத்துக்குப் போதுமானது.

மூன்றாம் படி: அனுமதியும் இருப்பிடமும்

இதில் சொல்ல அதிகம் இல்லை. புதிய மாணவர் கழகம் பதிவு செய்ய மாதக்கணக்கில் ஆகலாம்; ஏற்கெனவே உள்ள வரலாற்றுக் கழகம், வேளாண் கழகம், பொதுச் சுகாதாரக் கழகம் ஆகியவற்றுள் ஒன்றின் கீழ்ப் பிரிவாகத் தொடங்குவது எளிது. மாணவர் விவகாரப் பிரிவின் நிகழ்ச்சி அனுமதிப் படிவத்தைப் பருவத் தொடக்கத்திலேயே, எல்லாக் கூட்டங்களுக்கும் சேர்த்து ஒரே தடவையில் சமர்ப்பியுங்கள். பேச்சாளர் பெயர் மாறினால் கடிதம் கொடுத்தால் போதும் என்ற ஏற்பாட்டை அப்போதே பேசி முடித்துக் கொள்ள வேண்டும்.

நான்காம் படி: நூலகத்தில் ஒரு முழு முற்பகல்

நூலகம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக வகைப்பாட்டைப் பின்பற்றினால் ஆப்பிரிக்க வரலாறு "டிடி" (DT) என்ற குறியீட்டின் கீழும், டூயி முறையைப் பின்பற்றினால் 960-இன் கீழும் இருக்கும். அந்த அடுக்கில் எத்தனை நூல்கள் உள்ளன, எவை எப்போது வெளிவந்தவை, எவை ஆப்பிரிக்கர்களால் எழுதப்பட்டவை என்று குறித்துக் கொள்ளுங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. வெப்பமண்டல நோய், வேளாண்மை, சட்டம், மீன்வளம் ஆகியவற்றைப் பற்றிய ஆப்பிரிக்க நூல்கள் அந்தந்தத் துறையின் அடுக்குகளில் ஒளிந்திருக்கும். அவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கு எண்ணுடன் பட்டியலிட்டு நூலகரிடம் கொடுத்தால், நூலகத்தின் பாட வழிகாட்டியில் அது இடம்பெறும். புதிய நூல் வாங்கச் சொல்லி விண்ணப்பிப்பதை விட இது விரைவில் பலன் தரும்.

பணம் இல்லாமலே கிடைப்பவையும் உண்டு. யுனெஸ்கோ 1964-இல் தொடங்கிய ஆப்பிரிக்கப் பொது வரலாற்றுத் திட்டத்தின் முதல் எட்டுத் தொகுதிகளை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். அவற்றின் ஆசிரியர் குழுவில் ஆப்பிரிக்க அறிஞர்களே முன்னிலை வகித்தனர். ஆப்பிரிக்க ஆய்விதழ்களுக்கெனத் தென்னாப்பிரிக்காவிலிருந்து இயங்கும் இணையத் தொகுப்பு 1998-இல் தொடங்கியது. அதிலுள்ள பல இதழ்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். செனகலின் டக்காரில் 1973 முதல் செயல்படும் சமூக அறிவியல் ஆய்வு மன்றமும் தன் வெளியீடுகளில் பலவற்றைத் திறந்து வைத்துள்ளது. மாணவர் கட்டுரைகளில் ஐரோப்பிய, அமெரிக்க மேற்கோள்களே நிறைந்திருப்பதற்கு நூல் கிடைக்காமையைக் காரணம் காட்டுவார்கள். பெரும்பாலும் தேடாமையே காரணம். ஒவ்வொரு கட்டுரையிலும் ஆப்பிரிக்காவில் வெளிவந்த இதழிலிருந்து இரண்டு மேற்கோளாவது இருக்க வேண்டும் என்று விதியுங்கள்.

ஐந்தாம் படி: வாசிப்பு வட்டமும் நேர ஒழுங்கும்

மாதம் ஒரு வாசிப்பு வட்டம், பருவத்துக்கு இரண்டு இணைய உரை என்ற அளவில் தொடங்குங்கள். வாசிப்பு வட்டத்துக்கு முப்பது பக்கத்தைத் தாண்டாத ஒரே கட்டுரை; அதைப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட வேண்டும்.

இணைய உரைக்கு நேரக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். நைரோபி நமக்கு ஐந்து மணி நேரமும், ஜொகனஸ்பர்க் ஆறு மணி நேரமும், லேகோஸ் ஏழு மணி நேரமும், அக்ரா எட்டு மணி நேரமும் பின்தங்கியவை. நமக்கு இரவு எட்டு மணி என்றால் நைரோபியில் பிற்பகல் மூன்று, லேகோஸில் ஒன்று, அக்ராவில் நண்பகல். இரவு எட்டு மணிக்கு முன்பு வைத்தால் மேற்கு ஆப்பிரிக்கப் பேச்சாளருக்கு வகுப்பு நேரத்தில் இடிக்கும். கெடா மாநிலத்தில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் வார விடுமுறை, கோலாலம்பூரிலோ சனியும் ஞாயிறும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தலைநகரிலிருந்து வருபவர் ஞாயிற்றுக்கிழமை தமக்கு ஓய்வு என்று எண்ணி வருவார், நம் வட்டாரத்தில் பலருக்கு அது வேலை நாள். தைப்பூச வாரத்தையும் நோன்பு மாதத்து மாலைகளையும் தவிர்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உணவு சிறிய செய்திதான்; ஆனாலும் கூட்டம் நிலைப்பதற்கு அதுவும் காரணம். சோமாலிய, சூடானிய மாணவர்களுக்கு ஹலால் வேண்டும். எத்தியோப்பிய மரபுவழிக் கிறித்தவர்கள் புதன், வெள்ளி நாள்களில் விலங்குணவு எதையும், பாலையும் கூட, உண்பதில்லை. தயிரும் நெய்யும் இல்லாத வாழையிலைச் சாப்பாடாக இருந்தால் பெரும்பாலும் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்துவிடலாம்.

ஆறாம் படி: ஆப்பிரிக்க மாணவர்களை நடத்தும் முறை

இந்தப் படியில்தான் பல முயற்சிகள் கவிழ்கின்றன. வளாகத்தில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவரை அழைத்து, உடை அணிந்து வா, மேளம் அடி, உங்கள் நாட்டு உணவைச் சமைத்துக் காட்டு என்று கேட்பதே இங்கு வழக்கமாகிவிட்டது. இயந்திரப் பொறியியல் படிக்கும் ஜிம்பாப்வே மாணவியிடம் அவருடைய நாட்டு மின்விநியோகத்தைப் பற்றிக் கேட்கலாம். மருந்தியல் படிப்பவரிடம் அவர் ஊரில் மருந்துகள் எப்படிக் கடைக்கு வந்து சேர்கின்றன என்று கேட்கலாம். அவர் தம் துறையில் பேச வருகிறார் என்றால் ஆசிரியர்களுக்குச் செய்யும் அதே அறிமுகமும் அதே நன்றிக் கடிதமும் அவருக்கும் உரியவை. சன்மானம் கொடுக்க நினைத்தால் முதலில் அனைத்துலக மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள். மாணவர் அனுமதியில் தங்கியிருப்பவர்கள் ஊதியம் பெறுவதற்கு வரம்புகள் உண்டு, விதி தெரியாமல் நாம் கொடுக்கும் உறை அவருக்குத் தொல்லையாக முடியலாம்.

எதையும் பேச மறுப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. போரைப் பற்றியோ தம் அரசைப் பற்றியோ பேசியது காணொளியாகப் பரவினால் அவருடைய குடும்பத்துக்கு ஆபத்து நேரக்கூடிய நாடுகள் இருக்கின்றன. ஆகையால் பதிவு செய்வதா வேண்டாமா என்பதைக் கூட்டத்துக்கு முன்பே தனியாகக் கேட்டு, பதிவு செய்தாலும் வெளியிடும் முன் அவருக்குக் காட்ட வேண்டும்.

வீட்டு வாடகை ஆப்பிரிக்க ஆய்வில் சேருமா என்று சிலர் கேட்கலாம். சேரும் என்பதே என் கருத்து. கறுப்பு நிறத்தவர் என்பதற்காகவே வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தும் வழக்கம் நம் நாட்டில் இருக்கிறது; அவ்வழக்கத்தில் தமிழ் வீட்டுக்காரர்களும் விலக்கல்லர், நம் பிள்ளைகளுக்கே பிற இனத்தார் வீடு கொடுக்க மறுப்பதாகக் குறைப்பட்டுக் கொண்டே நாமும் அதைச் செய்கிறோம். இருக்க இடமில்லாமல் அலையும் மாணவர் உங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வந்து நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழக வரலாற்றைப் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே வாடகைக்கு விட ஒப்புக்கொண்ட வீட்டுக்காரர்களின் பட்டியல் ஒன்றையும், முதல் சந்திப்பில் உடன் சென்று பேசக்கூடிய உள்ளூர்த் தமிழ் மாணவர்களின் பட்டியல் ஒன்றையும் உங்கள் குழு வைத்திருக்கட்டும்.

ஏழாம் படி: ஊருக்குள் கொண்டு செல்லுதல்

தமிழ்ப்பள்ளியில் நிகழ்ச்சி நடத்த வேண்டுமாயின் தலைமையாசிரியரின் ஒப்புதலோடு மாவட்டக் கல்வி இலாகாவின் அனுமதியும் தேவைப்படும் என்பதால் முன்கூட்டியே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு உரை வேண்டாம். ஒரு வெற்று வரைபடத்தில் நாட்டுப் பெயர்களை ஒட்டச் செய்வதும், எத்தியோப்பிய எழுத்து முறையில் அவரவர் பெயரை எழுதக் கற்றுத் தருவதும் போதும். பெரியவர்களும் அருகில் வந்து உட்கார்ந்து கொள்வார்கள். கோயில் மண்டபத்தில் நடத்தினால் தமிழிலேயே நடத்துங்கள். ஆங்கிலத்தில் பேசும் விருந்தினரின் உரையை ஒரு மாணவர் பத்தி பத்தியாக நிறுத்தித் தமிழில் சொல்லட்டும். முன்னாளில் மகரந்தம் தூவிய பாட்டிமார்கள் அங்குதான் வாய் திறப்பார்கள், அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்ய ஒருவரை நியமித்திருக்க வேண்டும்.

மே 25 ஆப்பிரிக்க நாள். 1963-இல் அதே நாளில் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு உருவானது. ஜூலை 7 உலகச் சுவாஹிலி மொழி நாள். இவ்விரு நாள்களில் ஒன்றை மட்டும் ஊர் நிகழ்ச்சிக்கு வைத்துக் கொண்டால் ஆண்டுதோறும் தேதி தேட வேண்டியதில்லை.

எட்டாம் படி: பாடமாக்குதலும் ஒப்படைத்தலும்

வாசிப்பு வட்டம் ஓராண்டு தடையின்றி நடந்த பிறகே பாடத்திட்டக் குழுவை அணுக வேண்டும். நம் நாட்டுத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் நாற்பது மணி நேரக் கற்றலைக் குறிக்கும். இரண்டு கிரெடிட் விருப்பப்பாடமாயின் எண்பது மணி நேரத்துக்கு வாசிப்பும் களப்பணியும் காட்ட வேண்டும். ஓராண்டில் படித்த கட்டுரைகள், நூலக அடுக்குப் பட்டியல், ஒலிப்பதிவுகள், பேச ஒப்புக்கொண்டோர் பட்டியல் ஆகியவற்றை முன்வைத்தால் பாடத்தின் பாதி ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதைக் குழுவினர் பார்ப்பார்கள். தலைப்பை மட்டும் அகலமாக வைக்காதீர்கள். "செம்பனை: மேற்கு ஆப்பிரிக்காவும் மலேசியாவும்" என்ற பாடத்துக்கு ஆசிரியர் கிடைப்பார், "ஆப்பிரிக்க நாகரிகம்" என்ற பாடத்துக்குக் கிடைக்க மாட்டார்.

மாணவர்கள் பட்டம் பெற்றுச் செல்வார்கள், ஒப்பந்த விரிவுரையாளர்களும் மாறிச் செல்வார்கள். ஆகையால் பட்டியல், ஒப்புதல் படிவங்கள், கடவுச்சொற்கள் ஆகியவை ஒருவருடைய சொந்த மடிக்கணினியில் இருக்கக் கூடாது. துறையின் பொதுக் கோப்பகத்திலும் நூலகரிடமும் ஒவ்வொரு படி இருக்கட்டும். இறுதியாண்டு மாணவர் பொறுப்பில் இருந்தால், அவருடைய கடைசிப் பருவம் தொடங்கும்போதே இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் உடன் சேர்ந்து, படிவம் நிரப்புவது முதல் பேச்சாளருக்கு நன்றிக் கடிதம் அனுப்புவது வரை ஒரு முழுச் சுற்றைத் தாமே செய்து பார்த்திருக்க வேண்டும். நிபுணர் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை, புதிய மாணவர் சேர்க்கை முடிந்த மறுமாதத்தில், பெயர் பெயராக அழைத்துச் சரிபாருங்கள். எண் மாறியவர்களையும் இனி வேண்டாம் என்றவர்களையும் அன்றே நீக்கிவிடுங்கள்.